நம் பள்ளிக்கூடத்து வாசல்

கொழும்பு, 4.3.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

இப்போதெல்லாம் நான் வேலை செய்யும் வீட்டில், கட்டடப் படம் வரையும் ஐயாவின் மேசையடியில் கூட்டுவதற்குப் பென்சில் சீவலே இல்லை. பள்ளிக்கூடங்களின் சுவரும் கூரையும் ஒரே மாதிரியாகத் தொழிற்சாலையிலேயே செய்து வந்துவிடுவதால் அவர் படம் வரைவதில்லை. கட்டடத்துக்குப் பதிலாக ஓர் அட்டையை நில வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார். “நான் இப்ப அட்டை நகர்த்துற ஆள், பிள்ளை” என்று சிரித்தார்.

நேற்று அவர் மேசையில் நமது நமுனுகுல தேயிலைத் தோட்டத்து வரைபடம் இருந்தது. அட்டையில் சிவப்பாகக் குறித்த வாசல் மலை இடுக்கைப் பார்த்திருந்தது. சாரல் அங்கிருந்துதானே அடிக்கும்? தம்பியின் வகுப்பே நனைந்துவிடும். ஐயாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா கட்டிய பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், துவைக்காமல். தபாலுக்கு நேரமாகிவிட்டது.

ஐயா சாப்பிடப் போனதும், அட்டையைத் திருப்பி வாசலை நம் லயத்து வீடுகளின் பக்கம் வைத்துவிட்டேன்.

உங்கள் மகள்,
அன்னகாமு