மூச்சு விடும் மழைக்கோட்டு

ஏப்ரல் 9, 2025, புதன்

தலையில் இடி விழுந்த மாதிரி இருக்கிறது. ஜெப்ஸி மலையேறப் போகிறாளாம்! அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறாள். மே மாதம், மூணாறு பக்கம், மூன்று நாள், கல்லூரியிலிருந்து பதினெட்டுப் பிள்ளைகள். பெயரையும் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். ஒன்பது வயதில் நெஞ்சுச்சளி கட்டி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை. இருபது வயதானால் நெஞ்சு வேறு நெஞ்சாகிவிடுமா?

“போகட்டும்ளா, எத்தனை நாளைக்குப் பொத்திப் பொத்தி வைப்ப?” என்கிறார் பெனிஸ்டன். இந்த மனுஷனைக் கட்டி இருபத்திரண்டு வருஷம். ஒரே ஒரு தடவையாவது என் பக்கம் பேசியிருக்கிறாரா?

ஏப்ரல் 12, சனி

சம்மதித்துவிட்டேன், ஒரு நிபந்தனையோடு. அங்கே கோடையிலும் மத்தியானமானால் மழை கொட்டுமாம். அதனால் நான் பார்த்து வாங்குகிற மழைக்கோட்டைத்தான் போட வேண்டும். “சரிம்மா” என்றாள், அவ்வளவு லேசாக. எனக்கே திக்கென்றது.

மழைக்கோட்டுக்கு நான் எங்கே போவேன்? நம் ஊரில் பெய்தால் ஊரே மிதக்கும், இல்லாவிட்டால் ஒரு சொட்டு கிடையாது. பெனிஸ்டன் துறைமுகத்தில் போடுகிற மஞ்சள் கோட்டை எடுத்து நீட்டினார். “இத விட என்ன வேணும்? புயலுக்கே தாங்கினது.” போட்டுப் பார்த்தேன். ஐந்தே நிமிஷம். மேலே ஒரு சொட்டு விழாமல் உள்ளே வேர்வையில் குளித்துவிட்டேன். அதன் கனத்துக்கு ஒரு குடம் தண்ணீரைச் சுமக்கலாம். “மலைக்குப் போற பிள்ளைக்கா, சரக்கு மூடுததுக்கா?” என்று கேட்டேன். மனுஷர் முகம் சுருங்கிப் போயிற்று.

ஏப்ரல் 15

ராப்பகலாகப் படிக்கிறேன். கோட்டு மூச்சு விட வேண்டுமாம்! துணிக்கு மூக்கா இருக்கிறது? படிக்கப் படிக்கத்தான் விளங்குகிறது. வெளியே இருக்கிற மழை உள்ளே வரக்கூடாது. உள்ளே இருக்கிற வேர்வை ஆவி வெளியே போக வேண்டும். ஏறும்போது உடம்பு கொதிக்கும், நின்றால் குளிரும். இவருடைய மஞ்சள் கோட்டு மாதிரி ரெக்சினில் அந்த வேர்வையே நம்மைக் குளிர வைத்துவிடும். தண்ணீர் தாங்கும் அளவு என்று கோட்டில் ஒரு எண் போட்டிருக்குமாம், அது பத்தாயிரமாவது வேண்டும், மூச்சு விடும் அளவும் அதே. ஊசித் துளை வழியே மழை இறங்காமலிருக்கத் தையல் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது.

பத்தொன்பது வருஷமாக ஷிப்பிங் ஆபீசில் சரக்குக் காகிதம் சரிபார்க்கிறேன். ஒரு எழுத்துப் பிசகினாலும் சரக்குப் பெட்டி துறைமுக வாசலைத் தாண்டாது. என் கண்ணுக்கு ஒரு கோட்டு எம்மாத்திரம்?

ஏப்ரல் 19, சனி

வாங்கியாயிற்று! கடைக்காரர் ஜெயகணேஷை ஒரு வழி பண்ணிவிட்டேன். முதலில் காட்டியதில் தையலுக்கு டேப் இல்லை. இரண்டாவதற்கு உள்ளே வலைத்துணி, கோடைக்குப் புழுங்கும். மூன்றாவது தூக்கினால் காற்று, இழுத்தால் கிழியும். நாலாவதுதான் இது. செங்கல் சிவப்பு, கையில் ஒரு மாம்பழக் கனம், அதன் பைக்குள்ளேயே மடிந்துகொள்கிறது. கைப்பக்கத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். சேம்பிலையில் உருளுவது போல முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தது.

“அக்கா, நீங்க வாங்க வந்தியளா, சோதனை போட வந்தியளா?” என்றார். விலையைக் கேட்டதும் உட்கார நாற்காலி தேடினேன் என்பது உண்மை. பில் போடும்போது அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், நான் ஜிப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 3, சனி

இன்றைக்குத் துவைக்கிற நாள். சிவப்புத் துணியைக் கடையிலிருந்து வந்த மேனிக்கா போடுவது? சாயம் இறங்கி உள்ளே போடுகிற வெள்ளைச் சட்டையெல்லாம் பாழாகிவிடும். கல்லுப்பு இரண்டு கை அள்ளிப் போட்டு, காலையிலிருந்து மத்தியானம் வரை கோட்டை ஊறவைத்தேன். பிறகு சோப்புப் பொடி, கடைசித் தண்ணீரில் வாசனைத் திரவம் இரண்டு மூடி தாராளமாக. மொட்டைமாடியில் காயப்போட்டேன். ஒரு பொட்டுச் சாயம் இறங்கவில்லை. நல்ல துணி!

மே 8, வியாழன்

கிளம்பிவிட்டாள். பெனிஸ்டன் அந்த மஞ்சள் தார்ப்பாயையும் பையில் திணித்து அனுப்பியிருக்கிறார். சண்டை போட நேரமில்லை.

மே 10, சனி

எழுத்து கோணுகிறது.

சாயங்காலம் அல்போன்சா மிஸ் போன் பண்ணினார், பிள்ளைகளோடு போன ஆசிரியை. மழையில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டு, பேச்சுக் குழறி, தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம். தேனி ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். “ஜெப்ஸி இல்லைங்க, லுப்னா” என்றார். ஜெப்ஸியோடு ஹாஸ்டல் அறையில் இருக்கிற காயல்பட்டினத்துப் பிள்ளை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஸ்தோத்திரம் ஆண்டவரே!” என்றேன், சத்தமாக. இன்னொருத்தி பெத்த பிள்ளை அங்கன கிடக்கா, நான் ஸ்தோத்திரம் சொல்லுதேன். சே!

மே 11, ஞாயிறு

ஜெப்ஸி வந்துவிட்டாள். நான் ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

லுப்னா கொண்டுபோன பிளாஸ்டிக் கோட்டு முதல் காற்றிலேயே கிழிந்துவிட்டதாம். குச்சி மாதிரி இருப்பாள் அந்தப் பிள்ளை. ஜெப்ஸி தன் சிவப்புக் கோட்டைக் கழற்றி அவளுக்குக் கொடுத்துவிட்டு, அப்பாவின் மஞ்சளைப் போட்டுக்கொண்டாளாம். மலை முகட்டில் இரண்டு மணி நேரம் மழையும் காற்றும். மஞ்சளுக்குள் ஜெப்ஸி வேர்த்துப் புழுங்கினாளே தவிர, காற்று அவளைத் தொடவில்லை.

“அவ நனையுதுன்னு சொன்னாம்மா. ரெண்டு தடவ சொன்னா. நான்தான், அது வேர்வைளா, எங்கம்மா ஒரு வாரம் பாத்து வாங்கினது, ஒரு சொட்டு இறங்காதுன்னேன். மிஸ் கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். யாருமே நம்பலம்மா அவள.”

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அழுகை ஓய்ந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. விடிந்ததும் அந்தக் கடைக்காரன் இருக்கிறான்!

மே 12, திங்கள்

ஆபீசுக்கு லீவு போட்டேன். ஜெப்ஸி பையில் திரும்பி வந்த சிவப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு போய், கடை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். “ஒரு பிள்ளை சாவக் கிடந்தா, தெரியுமா? இதையா விக்கிய?” நாலு பேர் கூடிவிட்டார்கள். ஜெயகணேஷ் கடையிலிருந்த அதே மாதிரிக் கோட்டையும் என் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துத் தண்ணீர் ஊற்றினார். அவருடையதில் உருண்டு ஓடியது. என்னுடையதில் படர்ந்து, கறுத்து, ஊறியது.

குனிந்து மோந்து பார்த்தார். “இது என்ன மணம்க்கா?” கழுத்துப் பட்டியில் வெள்ளையாக ஒரு கோடு. விரலால் தேய்த்து நாக்கில் வைத்தார். “கரிக்கி. உப்புல போட்டியளா?”

“புதுத்துணின்னா போடத்தானே செய்வோம்?” என்றேன்.

மேற்பூச்சு ஒன்று உண்டாம், அதில்தான் தண்ணீர் உருளும். உப்பும் வாசனைத் திரவமும் படிந்தால் துணி தண்ணீரைக் குடிக்குமாம். குடித்தால் மூச்சும் அடைத்துப்போகும், உள்வேர்வை வெளியேறாது, உடம்பு குளிரும். கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு லேபிள், அதில் வரிசையாகப் படம், கீழே எழுத்து: வாசனைத் திரவம் சேர்க்கக் கூடாது. “பில் போடயிலயே சொன்னேனேக்கா.”

லேபிள் படிக்கத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்? பத்தொன்பது வருஷமாக!

மே 13

யாரிடமும் சொல்லவில்லை. பெனிஸ்டன் கடைக்காரரை ஏசுகிறார். நானும் தலையாட்டுகிறேன். ஜெப்ஸி சாப்பிடவில்லை.

மே 15, வியாழன்

லுப்னாவின் அம்மா சக்கீனா போன் பண்ணினார். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாராம். வீட்டுக்காரர் துபாயில், தனியாகத்தான் தேனிக்கு ஓடியிருக்கிறார். ஏசத்தான் கூப்பிடுகிறார் என்று எழுந்து நின்றுகொண்டேன்.

“உங்க மவ தன் கோட்டக் கழட்டிக் குடுத்திருக்கா. அது இல்லாட்டி எம்புள்ள என்னாயிருப்பாளோ, அல்லாஹ்தான் அறிவான். உங்க ரெண்டு பேருக்கும் துஆ செய்றேன்” என்றார்.

நான் சொன்ன பதில்: “பரவாயில்லைங்க.”

பரவாயில்லைங்க! ஏளா ஜெயஷீலா, உன் நாக்கு அழுகாதா? உன் பிள்ளை, தான்தான் அவளைக் கெடுத்தோம்னு சோறு தண்ணி இல்லாம கிடக்கா. பெத்த பிள்ளை தலையில பழிய ஏத்திட்டு நீ பெரிய மனுஷி மாதிரி பரவாயில்லைங்கன்னு சொல்லுத?

மே 17, சனி

சொல்லிவிட்டேன்.

ஜெப்ஸியைக் கூட்டிக்கொண்டு காயல்பட்டினம் போனேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. லுப்னா கட்டிலில் சாய்ந்திருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. சக்கீனா தேநீரும் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். அதைத் தொடாமலேயே சொன்னேன். “கோட்டுல குத்தமில்ல. ஜெப்ஸி மேலயும் குத்தமில்ல. நான்தான் உப்புத்தண்ணில முக்கி, மணத்துக்கு மருந்து ஊத்திக் கெடுத்துட்டேன். நீங்க நன்றி சொன்னப்பவும் மறைச்சுட்டேன்.”

சக்கீனா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். “மறைச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “புள்ள தூங்கணும். போய்ட்டு வாங்க” என்று எழுந்துகொண்டார்.

பஸ்ஸில் ஜெப்ஸி எனக்கு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆறுமுகநேரி தாண்டிய பிறகுதான் திரும்பினாள். “ஆறு நாளும்மா. ஆறு நாளா நான்…” மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே 18

ஜெப்ஸி இரண்டு தோசை சாப்பிட்டாள். என்னோடு பேசவில்லை. இரண்டு தோசை சாப்பிட்டாள், அது போதும்.

மே 20

ஜெயகணேஷ் கடைக்குப் போய், அன்றைக்கு ஏசின அதே வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் பெனிஸ்டனும் கூட வந்தார். திரும்பி வரும்போது, “மஞ்சள் கோட்டு எப்படி?” என்று கேட்டார். இந்த மனுஷனை என்ன செய்ய!

ஜூன் 16

ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது “வாரேன்” என்றாள். ஒரு மாசத்தில் அவளாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

டிசம்பர் 24

சக்கீனா வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தனுப்பினேன். பதில் இல்லை.

மார்ச் 21, 2026

நோன்புப் பெருநாள். காயல்பட்டினத்திலிருந்து ஆள் வந்தது. தூக்குச்சட்டி நிறைய வட்டலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற இனிப்பு. எழுதின சீட்டு ஒன்றும் இல்லை. தலைகீழாகக் கவிழ்த்துக்கூடப் பார்த்தேன்.

ஏப்ரல் 11, சனி

காலை பத்து மணிக்குப் போன். “சக்கீனா பேசுறேன். ஜெயகணேஷ் கடையில நிக்கிறேன். வாங்க.” ஏன், எதற்கு, ஒன்றும் இல்லை. ஏதாவது பிரச்சினையோ என்று ஆட்டோ பிடித்து ஓடினேன்.

மேஜை மேல் எட்டுக் கோட்டுகள் பரப்பிக் கிடந்தன. மறுபடியும் மலைக்குப் போவேன் என்று லுப்னா அடம் பிடிக்கிறாளாம், ஜெப்ஸியும் கூடவாம். என்னிடம் மூச்சு விடவில்லை, திருட்டுக் கழுதை!

“பாத்து எடுங்க. இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்” என்றார் சக்கீனா. சிரிக்கவில்லை. தையலைப் பார்த்தேன், டேப்பைப் பார்த்தேன், லேபிளை மூன்று தடவை படித்தேன். பச்சையில் ஒன்றை எடுத்து, “லுப்னா அளவு என்ன?” என்று கேட்டேன்.

“லுப்னாவுக்கு அவ வாப்பா துபாய்லேருந்து அனுப்பிட்டாஹ. இது எனக்கு.”

“உங்களுக்கா?”

“இந்தத் தடவ நானும் போறேன். யாரையும் நம்பி அனுப்ப மாட்டேன்.” கோட்டை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஜெயகணேஷிடம் சொன்னார்: “இவங்களுக்கும் ஒண்ணு போடுங்க. வீட்ல தனியா விட்டுட்டுப் போனா எதையாவது தொவச்சு வைப்பாங்க.”

நாற்பத்தேழு வயதில் எனக்கு மலையா? பெரிய அளவுதான் சரியாக இருந்தது. நீலம் எடுத்தேன்.