லாரி வருகிற ஞாயிறு

6 ஜூலை 2025, ஞாயிறு

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. படிக்கப்போவது நான்தான், இருந்தாலும் மன்னிப்புக் கேட்டு வைக்கிறேன். உருக்காலையில் கம்பி தூக்கிய கை. பேனாவையும் கடப்பாரை மாதிரி அழுத்துகிறது, தாளின் பின்பக்கமெல்லாம் மேடு. முதியோர் மாலை வகுப்பு சுகிர்தா டீச்சர், "வாரத்துக்கு ஒரு தடவையாவது எழுதுங்க, குப்புராஜ் ஐயா" என்றார். அறுபத்தெட்டு வயதில் எழுதுகிறேன்!

எல்லாம் படிக்க வருகிறது. பஸ் போர்டு, பிஸ்கட் கவர், சிப்காட்டில் கம்பெனிப் பெயர்கள். இன்று ரேஷன் கடைச் சுவரில் புது நோட்டீஸ். குடிதண்ணீர் லாரிக்காகத் தெருப் பெண்கள் குடம் வைத்து நின்றிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டி, சத்தமாக, முழுவதும் படித்தேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், இலவசப் பரிசோதனை முகாம், முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள், அடுத்த ஞாயிறு. நிமிர்ந்து பார்த்தால் பாதிப் பேர் முந்தானையால் வாயை மூடியிருக்கிறார்கள். எதிர்வீட்டு ஆரோக்கியமேரி மட்டும், "நைனா, உனுக்குப் படிக்க வந்ததுல எங்களுக்குத்தான் பேஜாரு" என்றாள்.

நான் என்ன கெட்ட வார்த்தையா படித்தேன்? அரசாங்கம் ஒட்டியது.

8 ஜூலை, செவ்வாய்

மருமகள் திலகவதியிடம் முகாமுக்குப் போகச் சொன்னேன். அவளுடைய அக்கா போன தை மாதம் கவரைப்பேட்டையில் இதே நோயில்தான் போனாள். முற்றிய பிறகுதான் தெரிந்தது. திலகவதிக்கு இப்போது முப்பத்தொன்பது.

"பாக்கலாம் மாமா."

"உன் கம்பெனிக்கு லீவுகூட போட வேணாம்மா. ஞாயித்துக்கிழமதான் வச்சிருக்காங்க."

"அதான் மாமா, ஞாயித்துக்கிழம" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இது என்ன பதில்?

10 ஜூலை, வியாழன்

நர்ஸ் ஜெபா தெருவுக்கே வந்து பேசினார். "இது நோய் வந்தவங்களுக்கு இல்ல. நோய் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே அந்த எடம் மாற ஆரம்பிச்சிடும். அப்பவே பாத்து சரி பண்ணிட்டா தப்பிச்சிக்கலாம். வினிகர் மாதிரி ஒண்ணு தொட்டு வச்சுப் பாப்போம், கொஞ்ச நேரந்தான்."

"இன்னா சிஸ்டர், ஊறுகாயா போடப்போறீங்க?" என்றாள் மேரி. தெருவே சிரித்தது. எல்லாரும் வருகிறோம் என்று தலையாட்டினார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

13 ஜூலை, ஞாயிறு

ஒருத்தியும் போகவில்லை. ஒருத்தியும்!

14 ஜூலை, திங்கள்

மகன் சரவணகுமாரிடம் சொன்னேன். நைட் ஷிப்ட் முடித்து வந்தவன், "அவளுக்கே இஷ்டமில்ல, நா இன்னாபா பண்றது?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இன்னா ஜனம் இது? பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு வேன் பேசினா மட்டும் விடியறதுக்குள்ள குளிச்சிட்டு நிக்கத் தெரியுது. பக்கத்துல இருக்கற முகாமுக்குப் போகத் தெரியல. நான் எதுக்குத் தொண்ட கிழியப் படிச்சேன்—

17 ஜூலை, வியாழன்

இருபத்தேழாம் தேதி மறுபடி முகாமாம். புது நோட்டீஸை வாங்கிவந்து திலகவதியிடம் படிக்க ஆரம்பித்தேன். சோற்றுப் பானையை டங்கென்று வைத்தாள்.

"படிச்சது போதும் மாமா! எனக்கு மட்டும் பயம் இல்லியா? எங்க அக்கா தலைய மடில வச்சிக்கினு இருந்தவ நானு. வாரத்துக்கு ஒரு வாட்டி வர்ற லாரி, காலைல வருமா சாயங்காலம் வருமான்னு யாருக்குத் தெரியும்? நான் அங்க போன நேரம் பாத்து அது வந்துட்டுப் போச்சுன்னா வாரம் பூரா இன்னாத்த குடிப்பீங்க? உங்க புள்ள வந்து குடம் புடிப்பாரா? நீங்க புடிப்பீங்களா?"

நோட்டீஸில் எல்லாம் இருந்தது. லாரி மட்டும் இல்லை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? கேட்டிருந்தால் என்ன என்று அவள் கேட்பாள். கேட்கவில்லைதான்.

27 ஜூலை, ஞாயிறு

நேற்றே தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். குடத்தை வைத்துவிட்டு நீங்கள் போங்கள், நான் நிற்கிறேன். யார் குடம் யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதினேன். நானே எழுதினேன்! மேரி தன் பெயரை விரலால் தடவிப் பார்த்து, "மாத்தி ஊத்தின, அவ்ளோதான் நைனா" என்றாள். எல்லாரும் இரண்டு ஷேர் ஆட்டோவில் கும்பலாகப் போனார்கள்.

பதினோரு மணிக்கு லாரி. டிரைவர் அப்பாவு, "இன்னா பெருசு, லேடீஸ் லைன்ல?" என்று ஹாரன் அடித்தான். டீக்கடையில் விசில். சத்தம் கேட்டு சரவணகுமார் லுங்கியோடு ஓடிவந்தான்.

"ஊட்டுக்கு வாப்பா, மானம் போவுது."

"மொதல்ல இந்தக் குடத்தப் புடி. மானத்த அப்புறம் பேசிக்கலாம்."

பிடித்தான். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான், ஆனாலும் பிடித்தான்.

மாலையில் எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். திலகவதி சிரிக்கவில்லை. அவளுக்கு வினிகர் தொட்டு வைத்த இடத்தில் வெள்ளைத் திட்டு தெரிகிறதாம். "புற்றுநோய் இல்ல. விட்டா பின்னாடி ஆகலாம். இப்பவே சரி பண்ணிடலாம்" என்று ஜெபா சொல்லி அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை அரசு ஆஸ்பத்திரி.

இதற்கா இரண்டு வாரம் வீணாக்கினோம்?

31 ஜூலை, வியாழன்

சரவணகுமார் லீவு போட்டுக் கூடப் போனான். அந்த இடத்தில் சூடு வைத்துச் சரி செய்தார்களாம். பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் மறுபடி பார்க்க வேண்டும். கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்கக்கூடாது.

வந்ததும், "அக்காவுக்கும் இவ்ளோதான் பண்ணியிருப்பாங்க இல்ல மாமா?" என்றாள். அவள் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

லாரி வந்தபோது திலகவதி வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வரிசையில் சரவணகுமார், பின்னால் நான், எனக்குப் பின்னால் மேரியின் புருஷன் அந்தோணி, யாரையும் பார்க்காமல் செல்போனை மட்டும் பார்த்துக்கொண்டு. அப்பாவு ஹாரன் அடிக்கவில்லை.

மேரி வாசலிலிருந்து கத்தினாள். "நைனா, என் பேரு அழிஞ்சிபோச்சி, திரும்ப எழுது!"

எழுதினேன். அந்த ஈரக் கையோடு இங்கே எழுத உட்கார்ந்ததில் மேல் வரியில் மை பரவிவிட்டது. அடுத்த வாரம் குடமெல்லாம் நிறைந்த பிறகு, கையை நன்றாகத் துடைத்துவிட்டு எழுதுகிறேன்.