களாவேலியில் ஒரு வழி

என் பிடிவாதக்கார மாமா,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஊருக்குக் கரண்டு வந்துவிட்டது; உங்கள் தம்பி கிணற்றில் மோட்டார் வைத்துவிட்டார். நீங்கள் நட்டுவிட்டுப் போன களாவேலி மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் வளர்கிறது, உங்களைப் போலவே.

ஒரு சாண் வரப்புக்காகத் தம்பியோடு சண்டை போட்டீர்கள். குஜிலியம்பாறைக் கரட்டில் தானாக முளைத்துக் கிடந்த களாச்செடிகளை வேரோடு தோண்டி, வண்டியில் கொண்டுவந்து நம் காட்டுக்கும் அவர் காட்டுக்கும் நடுவே நட்டீர்கள். முள் குத்திக் கை புண்ணானபோதும் விடவில்லை. வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன்? பழம் கறுக்கும் மாசத்தில் நான் இந்தப் பக்கம் பறிப்பேன், உங்கள் தம்பி பெண்டாட்டி, என் ஓரகத்தி செல்லம்மா அந்தப் பக்கம் பறிப்பாள். இலை இடுக்கில் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்போம். இதற்கு என்ன பெயர், மாமா?

போன ஆவணியில் செல்லம்மா கிணற்றுப்படியில் வழுக்கி விழுந்தாள். அவள் கூப்பிட்டது எனக்குத்தான் கேட்டது. கூப்பிடு தூரம்தான்; ஆனால் வேலியில் எலி நுழைய இடமில்லை. வண்டிப்பாதையைச் சுற்றி ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது கால் முறிந்து, கழுத்தளவு தண்ணீரில், மோட்டார்க் குழாயைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாள். விறைத்த விரல்களைப் பிரித்துத்தான் படிக்கு இழுக்க முடிந்தது. இன்னும் செத்த நேரம் போயிருந்தால்? கொழுந்தனார் சந்தையிலிருந்து ஓடிவந்து, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்.

மறுநாள் காலையில் நான் அரிவாளை எடுத்தேன். வேலியில் ஓர் ஆள் நுழைய வழி பாதி வெட்டியிருப்பேன், கொழுந்தனார் அந்தப் பக்கம் வந்து நின்றார். ஒன்பது வருஷமாக அவர் வாயில் வராத முறையைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"மதினி, அண்ணன் இருந்தா விட்டிருப்பாரா?"

"விட மாட்டாக. அதான் அவுக இல்லாதப்ப வெட்டுறேன்."

அவர் சிரிக்கவில்லை. மண்வெட்டி கொண்டுவந்து வேரைத் தோண்டினார். தோண்டிக்கொண்டே, உங்கள் சாவுக்கு வந்து தெருமுனையிலேயே நின்று திரும்பிப் போனதைச் சொன்னார். சொல்லி அழுதார். எனக்கே அது தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

செல்லம்மா இப்போது கம்பு ஊன்றி அந்த வழியாகத்தான் வருகிறாள். வந்து, வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டு, என் வெஞ்சனத்தில் உப்பில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போகிறாள். இவளோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்துவிட்டேனே என்று உங்கள்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

மிச்ச வேலியை வெட்ட மாட்டேன், மாமா. ஆடு மாடு வராமல் இருக்க அது வேண்டும். ஆனால் அந்த வழியில் ஒரு முள் வைக்கவும் இனி யாரையும் விட மாட்டேன். நீங்களே எழுந்து வந்தாலும் சரி.

உங்கள் வீட்டுக்காரி,
செல்லம்மாவின் அக்கா,
ராக்கம்மாள்