பெல்ட்டில் பட்ட எண்ணெய்

ஞாயிறு. ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள். ஆவடி.

காரின் சத்தம் இன்று நின்றது. தூக்கம்தான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சாவியைத் திருப்பியதும் வண்டி கீச்சென்று கத்தியது. குவார்ட்டர்ஸ் ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. போன மாதம் இந்த வண்டியை எனக்கு விற்றவர் செல்வராஜ், எங்கள் ஃபேக்டரியில்தான் வேலை. நேற்று கேன்டீனில் எல்லோர் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டை வண்டியை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

இன்று காலை குமணன்சாவடி மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். பெல்ட்டைத் தொட்டு விரலைக் காட்டினார்.

"இன்னா சார், பெல்ட்டுக்குப் போயி எண்ண தடவி வச்சிகீறீங்க? வழுக்கினு சுத்துது, அதான் கத்துது."

ஆயுத பூஜைக்கு ஃபேக்டரியில் மெஷின்களைத் துடைத்து எண்ணெய் போடுவோம். அதே கையோடு வீட்டுக்கு வந்து கார் இன்ஜினுக்கும் போட்டேன். பெல்ட்டையும் விடவில்லை. இருபது வருட ஃபிட்டர் நான்!

மெக்கானிக் பெல்ட் ஓடும் சக்கரங்களைத் துடைத்து, புது பெல்ட் மாட்டி இறுக்கினார். சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை.

சாயந்திரம் செல்வராஜே வீட்டுக்கு வந்துவிட்டார், வண்டியைப் பார்க்க. பெல்ட் மாற்றினேன், சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"பழைய பெல்ட்டோட குடுத்தது என் தப்புதாங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். காபி கொடுத்தேன். பரவாயில்லை, விடுங்கள் என்று வேறு சொன்னேன்.