பாக்கியத்தோடு பார்த்த ராக்கெட் படம்

12 ஜூன் 1978, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பள்ளிக்கூடத் தகரக் கூரை இரைச்சலில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பைப் படம் வரையச் சொல்லிவிட்டேன். தொண்டை கட்டிவிட்டது.

கொட்டகலைக் கடைவீதியில் சுவரொட்டி. ஹட்டன் தியேட்டரில் ரஷ்யப் படமாம். விண்வெளிக்குப் போகும் நான்கு பெண் விஞ்ஞானிகள். நான்கு பேருக்கும் வாயெல்லாம் பல். ஞாயிறு பகல் காட்சி மட்டும்.

பாக்கியத்தைக் கூட்டிப் போயே தீரவேண்டும். அடுத்த வாரம் வியாழன் அவள் குடும்பம் இந்தியா போகிறது. பிரஜாவுரிமை ஒப்பந்தப்படி அனுப்புகிறார்கள். ஒருவழிப் பயணம், திரும்பி வருவதில்லை. நடுவில் இருப்பது இந்த ஒரு ஞாயிறுதான்.

13, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. மலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பா.வைப் பிடித்தேன்.

"அடியாத்தி, பொம்பளைங்களா? ராக்கெட்லயா?"

பக்கத்தில் அவள் அம்மா: "சாமான் கட்டுற நேரத்துல படம் என்னடி படம்? ரெண்டு பேருக்கும் கழுத வயசாச்சு."

பா. விடவில்லை: "கழுதைங்களும் ஒரு நாள் படம் பாக்கட்டுமேம்மா."

சந்திரனில் மனிதன் இறங்கிய வருஷம் எங்களுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் பழைய தேயிலைப் பெட்டியில் ராக்கெட் செய்தோம். பா. உள்ளே. பெட்டி சரிவில் உருண்டு பீலிக் குழாய்த் தண்ணீரில் போய்க் கவிழ்ந்தது. முழங்காலெல்லாம் ரத்தம், அவளோ, "நெலாவுல தண்ணி இருக்குடி!" என்று கத்துகிறாள். லயமே சிரித்தது. எட்டாம் வகுப்போடு அவளைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான் படித்து டீச்சரானேன். அந்த நாளெல்லாம் எங்கே போனது?

16, வெள்ளி

வெயில்! துணி காய்ந்தது.

வந்தது வினை. கொழுந்து முற்றுகிறதாம், ஞாயிறும் அன்றே கொடுக்கும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க வரச் சொல்லிக் கங்காணி கத்திக்கொண்டு போகிறார். பா. அசையவில்லை. "இன்னும் நாலு நாள்ல தோட்டத்துல என் பேர வெட்டப்போறாங்க. இனி எனக்கென்ன பயம்?" அடுத்த காம்பரா வீட்டு மருதாயி அக்காவும் எங்களோடு வருகிறாராம். கங்காணியிடம் தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாராம். வாழ்க.

ஞாயிறுக்கு: குடை, ரொட்டி, கட்டச் சம்பல், அக்காவுக்கு வெற்றிலை.

18, ஞாயிறு

காலைப் பூசை முடித்து நேரே பஸ். மூடுபனி. அக்கா கல்யாணச் சேலையில்.

பேச்சு ரஷ்யன், கீழே சிங்கள எழுத்து. கதை சொல்வது என் வேலை. பாதிதான் புரிந்தது, மீதியை இட்டுக்கட்டினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

படத்தில் விடிந்ததும், தலைவியான பெரியம்மா விஞ்ஞானி எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டாள். அக்கா சத்தமாக: "அட, நம்ம தோட்டம் மாதிரி அங்கயும் பெரட்டா!" முன்வரிசை திரும்பிப் பார்த்தது. நால்வரும் முதுகில் காற்றுப் பெட்டியை மாட்டினார்கள். அக்காவுக்கு உடனே கவலை: "கொழுந்துக் கூட சரி, தலையில மாட்டுற கயித்தக் காணோமே டீச்சரம்மா? தோள்பட்ட என்னத்துக்காகும்?" ராக்கெட் கிளம்பும்போது அக்கா எழுந்து திரையைப் பார்த்துத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தார். "பொம்பளப் புள்ளைங்க, கண்ணு பட்டுரும்." சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

மேலே ஏதோ பழுது. பாட்டுப் பாடிக்கொண்டே சரிசெய்தார்கள். கடைசியில் நால்வரும் ஒரு வயலில் பத்திரமாக இறங்கினார்கள். ஊரே ஓடிவந்து கட்டிக்கொண்டது. தியேட்டரில் கைதட்டல். பா. விசிலடித்தாள், பாவி.

வெளியே வந்ததும் சொன்னாள்: "அவ்வளவு தூரம் போயும் எல்லாரும் வீடு வந்து சேந்துட்டாங்க பாத்தியா."

பஸ்ஸில் ஏறினோம். அவளே, "நான் ராமேஸ்வரத்துல எறங்குனதும் கொடி நடுறேன் பாரு" என்றாள். பஸ் முழுக்கச் சிரிப்பு. இப்படி ஒரு நாள் இனி எனக்கு வராது.

22, வியாழன்

தூறல். பள்ளிக்கு லீவு போட்டேன்.

ஹட்டன் ஸ்டேஷன். இந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று சனங்கள் சும்மா பேர் வைக்கவில்லை. பிளாட்பாரம் முழுக்க ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுகை. மருதாயி அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். பா. மட்டும் அழவில்லை. ட்ரங்குப் பெட்டியை ஏற்றினாள், அம்மாவை உட்காரவைத்தாள், என்னையும் கேலி செய்தாள். "மூக்கத் தொடடி டீச்சரு, ஒன் புள்ளைங்க பாத்தா சிரிக்கும்."

விசில் ஊதியது. திடீரென்று இறங்கி ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போகல ஸ்டெல்லா. அங்க எனக்கு யாரத் தெரியும்? அப்பா இந்தியா போறோம்னு எழுதிக் குடுத்தப்ப என்னைய ஒரு வார்த்த கேக்கலடி."

அவள் அப்பா ரயில் பெட்டி வாசலில் நின்று, "ஏறு தாயி, ஏறும்மா" என்று கெஞ்சுகிறார். கோச்சி நகர்கிறது. அவள் விடவில்லை.

அவள் கையை என் கழுத்திலிருந்து நான்தான் பிரித்தேன். நான்தான் ஏற்றிவிட்டேன்.