மலையூரில் போட்ட தாளம்

மழை பிடித்து நான்கு நாளாகிறது. அலமாரியின் மேல்தட்டில் பழைய வேஷ்டியில் சுற்றி வைத்திருக்கும் உங்கள் வாத்தியம் மறுபடி நாறத் தொடங்கிவிட்டது. நனைந்த கம்பளி வாடையும் தோல் வாடையும் கலந்த ஒன்று. சமையலறை வரை வருகிறது. இறக்கி, காய்ந்த துணியால் துடைத்து, ஜன்னலோரம் வைத்தேன். வெளியே மாட்டுங்கா முழுவதும் நனைந்துகொண்டிருக்கிறது. இந்த மாதத்தில் இங்கே எதுதான் காய்கிறது?

உங்கள் அக்கா நிலைப்படியைத் தாண்டாமல் நின்றாள்.

“அவனே போயாச்சு. இன்னும் எதுக்கு இந்தச் செத்த பிராணியை ஆத்துல வெச்சிண்டிருக்கே? யாராவது கேட்டா குடுத்துடேன்.”

“இதை யார் கேட்கப் போறா அக்கா?”

போன மழையில் இதே சண்டை உங்களோடு நடந்தது. “மிருதங்கத்தை மட்டும் கத்தரிக்காயிலயா பண்றான்?” என்று கேட்டு அவள் வாயை அடைத்தீர்கள். ஆனால் வாங்கும்போது, அந்தச் சின்ன தந்தி வாத்தியத்தின் குடம் அழுங்கு போல் ஓடுள்ள ஏதோ ஒரு பிராணியின் முதுகு என்று உங்களுக்குத் தெரியாது. விடுதி அறையில் திருப்பிப் பார்த்தபோது மயிர் தென்பட்டது. முகம் வெளுத்து மூன்று முறை கை கழுவினீர்கள். அதை நான் அக்காவிடம் சொன்னதில்லை. நான் சொல்லாமல் வைத்திருப்பவற்றில் அது மிகச் சிறியது.

யுத்தம் முடிந்து கப்பல்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த சமயம். அர்ஜெண்டினாவின் கோதுமைக்கு நம் சணல் சாக்குகள் வேண்டியிருந்தன. உங்கள் ஆபீஸ் உங்களை அனுப்பியது. கல்லூரியில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் வந்தேன். ஊர் பார்க்கும் ஆசை எனக்கு என்றுமே கிடையாது. உங்கள் மார்வலி எனக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

வேலை முடிந்தபோது திரும்பும் கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வடக்கே மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன ஊரைப் பற்றி யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்கள். ஸ்பானியர் வருவதற்கு முன்பே கட்டிய கோட்டை, மண்சுவர் மாதாகோயில், தெருவெல்லாம் ஊர்ப்பாட்டு. பாட்டு என்ற ஒரு சொல் போதுமே உங்களுக்கு. இரண்டு நாள் ரயிலில் என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள்.

இறங்கியதிலிருந்து எனக்குத் தலை பிளந்தது. அவ்வளவு உயரம். கள்ளிக்கட்டையில் செய்த கதவுகள், கண்ணைக் கூசவைக்கும் வெயில், தூசி. வேகவைத்த உருளைக்கிழங்கும் சோளக்கதிரும், நான் கொண்டுபோயிருந்த மாவடுவும்தான் சாப்பாடு. அங்கே ஆண்கள் ஏதோ ஓர் இலையைக் கன்னத்தில் அடக்கியிருந்தார்கள். “பாத்தியா, செல்லப்பெட்டி இல்லாமலே வெத்தலை போட்டுக்கறான்,” என்றீர்கள். உங்களுக்கு எல்லா ஊரும் மாட்டுங்காதான். நான் படுக்க இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் சந்தைச் சதுக்கத்தில் பாட்டு. என் வயதிருக்கும் ஒரு பெண், கையில் சிறிய பறை. பக்கத்தில் ஒருவர் இந்த மாதிரி வாத்தியத்தை மீட்டிக்கொண்டிருந்தார். கேட்க வந்தவர்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அது நம் சாக்காகவும் இருக்கலாம். நீங்கள் நேரே முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையில் தாளம் போட ஆரம்பித்தீர்கள்.

நம் சபாவில் அது உங்கள் இடம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கண்ணைத் தூக்கினால் உங்கள் கையைத்தான் பார்ப்பார். பெண்கள் பக்கத்திலிருந்து எத்தனை வருஷம் நான் அதைப் பார்த்திருக்கிறேன். சங்கீதத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாவிட்டாலும், அந்தக் கை தப்பாது என்பதில் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த ஊரில் கேட்பவர் யாரும் தாளம் போடுவதில்லை. எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். ஒரு பெண் பக்கத்திலிருந்தவளை இடித்துச் சிரித்தாள். ஓர் அடி முடிந்ததும் நீங்கள் சத்தமாக “பலே!” என்றீர்கள். பாடியவளே சிரித்துவிட்டாள். பகையில்லாத சிரிப்புதான் அது என்று இப்போது புரிகிறது. அன்று எனக்குக் காது சுட்டது. சிறிது நேரத்தில் உங்கள் முகத்திலும் ஒரு குழப்பம் வந்தது. கை மட்டும் நிற்கவில்லை. நான் குனிந்து உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“போறும்னா. எல்லாரும் பாக்கறா.”

“இருடீ. பறையில ஒண்ணு கேக்கறது, தந்தியில வேற கேக்கறது. நான் தப்பாப் போடறேனா என்ன?”

“ஆமாம். தப்பு.”

“எண்ணினியா?”

“எண்ணினேன்.”

கையை மடியில் வைத்துக்கொண்டீர்கள். கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் எண்ணாமல் சொல்லமாட்டாள் என்று நம்பினீர்கள்.

மறுநாள் காலை, “இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போலாமே. சமம், அந்த முதல் தட்டு எங்கேன்னு பிடிச்சுடுவேன்,” என்றீர்கள். கப்பல் நமக்காகக் காத்துக்கொண்டிருக்காது என்றேன். கப்பலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. நீங்கள் வாதாடவில்லை. ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கிவிட்டு வரும் வழியில் சந்தையில் இதை வாங்கினீர்கள். ஊருக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று. விடுதிக்குப் பெட்டி எடுக்கத் திரும்பியபோதுதான் மயிரைப் பார்த்தது.

ஊர் திரும்பி முதல் கச்சேரிக்குப் போனபோது உங்கள் கையைத் தேடினேன். அங்கவஸ்திரத்துக்கு அடியில் இருந்தது. இடைவேளையில் உங்கள் சிநேகிதர், “என்ன ஓய், கைக்கு லீவா?” என்று கேட்டார்.

“வயசாச்சு ஓய். கணக்குத் தப்பறது. வீட்டுக்காரியே சொல்லிட்டா.”

இருவரும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு வந்த கச்சேரிகளிலெல்லாம் அந்தக் கை வெளியே வரவில்லை. நான் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு நடந்து வரும்போது, காபி கொடுக்கும்போது, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போன டாக்ஸியில்கூட. வெட்கத்தால் சொல்லவில்லை என்றால் கௌரவமாக இருக்கும். அலுப்பு என்பதுதான் உண்மை. ஒரு பொய்யைத் திரும்ப எடுத்துச் சரிசெய்யும் தெம்பு எனக்கு எந்த நாளிலும் மிச்சமிருக்கவில்லை.

இதைப் படிக்க நீங்கள் எங்கும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். ஆனாலும் எழுதுகிறேன்.

அன்று நான் எண்ணியது நிஜம். ஒரு சுற்றுக்கு ஆறு. பறை அதை மூன்று மூன்றாக இரண்டாகப் பிரித்தது; தந்தி இரண்டிரண்டாக மூன்றாகப் பிரித்தது. நடுவில் இரண்டும் சண்டை போட்டன. முதல் தட்டில் மட்டும் ஒவ்வொரு முறையும் சேர்ந்தன. உங்கள் கை அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. நான் பிடித்து நிறுத்தும்வரை ஒருமுறைகூட விலகவில்லை.

வாத்தியம் இங்கேயே இருக்கும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஒரு கற்பூரக்கட்டியைக் கொண்டுவந்து, தொடாமல் பக்கத்தில் உருட்டிவிட்டுப் போனாள்.

கல்லூரிக்குப் போகும் டிராமில் உட்கார்ந்ததும் என் கைகள் இப்போதெல்லாம் தாமாக ஆரம்பித்துவிடுகின்றன. மடியிலிருக்கும் பரீட்சைத்தாள் கட்டின்மேல் இடது கை இரண்டு, வலது கை மூன்று. எதிர் பெஞ்சில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும்.