முள் சிவப்பைத் தொட்ட குரல்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தொண்டையிலிருந்த கட்டியை முழுவதும் எடுத்தாகிவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டர் நேற்றும் சொன்னார். கட்டியோடு என் குரலும் போய்விட்டது; அது டாக்டர் முன்பே சொன்னதுதானே. தையல் ஆறிவிட்டது. கஞ்சியைத் தாண்டிக் குழைந்த சோறு வரை வந்திருக்கிறேன்.

உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆபரேஷனுக்கு முன்பு என் குரலைப் பதிந்து வைக்கச் சொன்னவன் நீ. வீட்டுக் கேசட் டெக்கிலேயே நன்றாகப் பதிவது எப்படி என்று நீ போனில் சொன்னதை உன் அத்தான் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து டேப் உரசிச் செல்லும் ஹெட்டைத் துடைத்தார். டெக்கின் மோட்டார் இரைச்சல் விழாதிருக்க மைக்கை வேறு மேஜைக்கு மாற்றினார். ஜன்னலுக்குப் போர்வை கட்டினார், ஃபேனை நிறுத்தினார். ஃபிரிஜ்ஜையும் அணைத்தார், மறுபடி போட மறந்தார், பால் திரிந்ததுதான் மிச்சம். நேராகப் பேசினால் மூச்சுக்காற்று மைக்கில் மோதும், சற்றுத் திரும்பிப் பேசு என்று எனக்குப் பாடம் வேறு. கல்யாணமானதிலிருந்து அவர் என்னைப் பேசச் சொல்லிக் கெஞ்சியது அப்போதுதான்!

மகளுக்காகக் கதை கதையாகப் படித்தேன். பதிவு பளிங்கு மாதிரி வந்தது. உன் மருமகள் கேட்டுவிட்டு, "யாருப்பா இந்த டீச்சர்?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அழுதுவிடக் கூடாதென்று நான் தொண்டையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அந்த இறுக்கம்தான் கேசட்டில் இருந்தது, நான் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர ஒருநாள்தான் பாக்கி. இருக்கிற குரலையும் வீணாக்கிவிட்டேனே என்று மனசே விட்டுப்போயிற்று.

மறுநாள் திரும்பப் பதிய உட்கார்ந்தபோதுதான் நீ சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டது அவருக்கு நினைவு வந்தது. முதலில் இருப்பதிலேயே சத்தமான குரலைக் கொடுத்து, டெக்கில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி திருகி வைக்கச் சொன்னாயல்லவா? "உன்னோட சத்தமான குரல் எது?" என்று என்னையே கேட்டார். தெருவுக்கே தெரியும், இவருக்குத் தெரியாதாம்! போர்வையை விலக்கி, வெளியே விளையாடிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டேன்: "ஏய் பட்டாணீ! சாப்பிட வர்றியா, இல்ல நான் வரட்டுமா?"

சாப்பாட்டு நேரமே இல்லை. ஆனாலும் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்து, "என்னம்மா சாப்பாடு?" என்றாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். முள்ளை மட்டும் பார்க்க வேண்டிய மனுஷன் பதிவு பட்டனையும் அழுத்தியிருக்கிறார். என் கத்தல், அவளுடைய செருப்புச் சத்தம், இவருடைய "முள்ளு எகிறுதுடி, மெல்ல!" எல்லாமே விழுந்துவிட்டன. சுத்தமாக இல்லை, அழித்துவிட்டுப் பதியலாம் என்றார். நான் கேசட்டைப் பிடுங்கி அதன் முதுகிலிருந்த இரண்டு சின்னப் பற்களையும் உடைத்துப் போட்டேன். அவை போய்விட்டால் மேலே யாரும் பதிய முடியாதென்று நீதானே சொன்னாய்.

இப்போது சாப்பாட்டு நேரமானால் உன் அத்தான் ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பி அதைப் போடுகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதைக் கேட்டே வீட்டுக்குப் போகிறார்கள். கூப்பிடுவது டெக் என்று பட்டாணிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஓடி வந்து விழுவது என் மடியில். இதற்கு உனக்கு என்ன கைம்மாறு செய்யப் போகிறேன்? நீ பிள்ளைகுட்டிகளோடு நூறாண்டு நன்றாயிருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வீடு திரும்பியதிலிருந்து நீ அத்தானிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அக்காவிடம் கொடுங்கள் என்று சொல்ல உனக்கு நா எழவில்லை, புரிகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான்தான் எடுப்பேன். ரிசீவரில் விரலால் தட்டுவேன், அதுதான் என் ஹலோ. இத்தனை வருஷம் உன்னை வாய் திறக்க விடாமல் நானே பேசித் தீர்த்தேன். இனி நீ பேசு. என் பக்கம் சத்தமில்லையே என்று பாதியில் வைத்துவிடாதே, தம்பி. நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

உன் வாயாடி அக்கா